வேலியோரம் முளைத்தது சுக்காங்கீரை இல்லை

கோத்தகிரி
மார்ச் 3

அன்புள்ள கண்ணு,

சுக்காங்கீரைதானா, பருப்பில் போடலாமா என்று கேட்டு நீ அனுப்பிய படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். லீட்ஸில் உன் வீட்டுப் பின்பக்கம் வேலியோரம் முளைத்திருப்பது சுக்காங்கீரை இல்லை. அந்த ஊரில் அதை டாக் என்பார்கள். இலை கையகலத்துக்கு விரிந்து, காம்பு சேருமிடத்தில் வெற்றிலை போல உருண்டிருக்கிறது பார், அதுதான் அடையாளம். சுக்காங்கீரைக்குப் பங்காளி என்பது நிஜம்தான். கணுவைச் சுற்றி மெல்லிய காகிதம் போல ஓர் உறை இருக்குமே, அது இரண்டுக்கும் உண்டு. இங்கே ரோட்டோரத்தில் நடந்தால் சேலையில் ஒட்டிக்கொள்ளும் கொக்கி விதைச் செடியும் இதே குடும்பம். ஆனால் டாக் இலையில் கசப்பும் துவர்ப்பும்தான் முன்னே நிற்கும். பருப்பில் போட்டால் பருப்பும் வீண்.

அதைப் பூக்கவிடாமல் எடுத்துவிடு. விதை சிந்திவிட்டால் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பிரிட்டனின் 1959-ம் வருடத்துக் களைச் சட்டம் ஐந்தே ஐந்து செடிகளைத்தான் பெயர் சொல்லிக் கெடுதல் களை என்கிறது, அதில் இரண்டு டாக் வகைகள். மழை பெய்து மண் இளகிய மறுநாள், ஒடுங்கிய மண்வெட்டியைப் பக்கத்தில் இறக்கி நெம்பு. ஆணிவேர் எங்கேயோ போகும், அதைத் துரத்த வேண்டாம். மேலே ஒரு சாண் வேர் முழுசாக வந்தால் போதும், அடியில் தங்கிய துண்டு பெரும்பாலும் தழைக்காது. கழுத்தோடு அறுத்துவிட்டு வந்தால்தான் ஒன்று மூன்றாகும்.

உனக்கு வேண்டிய புளிப்பு அந்த ஊர்ப் புல்வெளியிலேயே இருக்கிறது. சாரெல் என்று பெயர், குற்றாலத்துச் சாரலோடு குழப்பிக்கொள்ளாதே. தாவரப் பெயர் ரூமெக்ஸ் அசிட்டோசா. நம் சுக்காங்கீரை ரூமெக்ஸ் வெசிகேரியஸ். நம்முடையது விதைத்த பருவத்திலேயே முடிந்துபோகும். சாரெல் பல வருடம் நிற்கிற செடி. குளிரில் இலை மடிந்தாலும் வேர் உயிரோடிருக்கும், பனி விலகும் முன்பே மற்ற கீரைகளை முந்திக்கொண்டு துளிர்க்கும். இலை ஈட்டி முனை மாதிரி இருக்கும். அடியில் இரண்டு கூரான வால்கள் காம்பை ஒட்டி நேராகக் கீழ்நோக்கி நிற்கும். அந்த வால்கள் பக்கவாட்டில் விரிந்து, இலையும் சிறுத்திருந்தால் அது ஆட்டுச் சாரெல் என்கிற வேறு செடி. தின்னலாம், ஆனால் வேரிலேயே ஓடிப் பரவும். தோட்டத்துக்குள் விடாதே.

காட்டில் போய் இலை பறிக்கலாமே, செடியையே பிடுங்கி வந்து நடலாமே என்று உனக்குத் தோன்றும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். வசந்தத்தில் வேலியடிகளிலும் மர நிழலிலும் லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்று ஒரு செடி முளைக்கும், அதன் இளம் இலையும் ஈட்டி போலத்தான் இருக்கும். அது சேம்பின் குடும்பம். சேம்பும் கருணையும் வேகாமல் தின்றால் தொண்டை பிடுங்குமே, அதே ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு, இது அதைவிடக் கொடியது. அதன் இலை பளபளவென்று தடித்திருக்கும், நரம்பு வலை போல ஓடும், வால் மழுங்கியிருக்கும். இரண்டாவது காரணம் சட்டம். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது என்று 1981-ம் வருடத்து வனவுயிர்ச் சட்டம் சொல்கிறது. ஒரு விதைப் பாக்கெட் வாங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

வாங்கும்போது பின்பக்கத்தில் தாவரப் பெயரைப் படி. கரீபியன் கடைகளில் சாரெல் என்று விற்கிற சிவப்புக் காய்ந்த பூவின் புறவிதழ் நம் புளிச்சகீரையின் இனம், அதற்கும் இதற்கும் உறவே இல்லை. சிவப்பு நரம்போடு படத்தில் அழகாக இருக்கும் வகை இன்னொரு டாக், ரூமெக்ஸ் சாங்குவினியஸ். குருத்தாகத் தின்னலாம், முற்றினால் தோல் மாதிரி. பார்வைக்கு வைத்துக்கொள், சமையலுக்கு நம்பாதே. பெல்வில் என்ற பழைய பிரெஞ்சு ரகம் கிடைத்தால் எடு, இலை பெரிது. ரூமெக்ஸ் ஸ்குடேட்டஸ் என்பதன் இலை சின்னக் கேடயம் போல இருக்கும், புளிப்பும் மட்டு, வெயிலையும் வறட்சியையும் தாங்கும். ஜன்னல் தொட்டிக்கு அது சரி. நம் பருப்புக்கு அசிட்டோசாதான்.

இப்போதிலிருந்து மே வரை விதைக்கலாம். நாற்றுக்கு உறைபனி பெரிய பயமில்லை. குழித்தட்டில் குழிக்கு மூன்று விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே சலித்த மண்கலவை. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். முளைக்காவிட்டால் ஆழம் போட்டிருப்பாய், அல்லது மேல்மண் ஒருநாள் காய்ந்திருக்கும். குழிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கு. பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடும். நாலைந்து இலை விட்டதும் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டு நடு. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு செடி தாராளம். நெருக்கி நட்டால் இலை சிறுத்து, சீக்கிரம் பூத்தண்டு கிளம்பும்.

மண் லேசாகப் புளித்திருக்க வேண்டும், கார அமில நிலை (pH) ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள். யாராவது சுண்ணாம்பு போடச் சொன்னால் கேட்டுக்கொண்டு போடாமல் இரு. குழிக்கு ஒரு மண்வெட்டி மக்கிய தொழு உரம் போதும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழுகிற இடமாகப் பார். முழு நிழலிலும் வளரும், இலை நீர்த்துப்போகும். நாள் முழுக்க வெயில் என்றால் ஜூலையில் இலை தடித்து, நாக்கு கூசும் அளவுக்குப் புளிக்கும். தொட்டியில் வைப்பதானால் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அடியில் நல்ல ஓட்டை. ஆணிவேர் விடுகிற செடி, தட்டையான தொட்டியில் வைத்தால் கோடையில் தினமும் வாடும்.

விதைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பறிப்பு. வெளிச்சுற்று இலையை மட்டும் காம்போடு கிள்ளு, நடுவில் நாலைந்து இலையாவது எப்போதும் நிற்கட்டும். முதல் வருடம் அளவோடு பறி, அந்த வருடம் வேர் சேர்க்க வேண்டும்.

இந்தக் கீரை பெரும்பாலும் கெடுவது பூத்தண்டால்தான். மே கடைசியில், ஜூனில் நடுவிலிருந்து விறைப்பாக ஒரு தண்டு எழும், உச்சியில் செம்மண் நிறத்தில் பூ வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை விட்டாயானால் செடியின் சத்தெல்லாம் மேலேறி, கீழே இலை சிறுத்து நாராகிவிடும். தண்டு விரல் நீளம் வரும்போதே அடியோடு வெட்டு. மறுபடி வரும், மறுபடி வெட்டு. காய்ந்த மண்ணில் தண்டு இன்னும் சீக்கிரம் வரும், ஆகவே வாரம் இருமுறை நன்றாக நனைத்து, புல் வெட்டியதையோ இலைச் சருகையோ மூடாக்காகப் போடு, நடுத்தூரை மட்டும் மூடாதே, அழுகும். ஜூலையில் இலை முற்றிப்போனால் கூச்சப்படாமல் மொத்தச் செடியையும் தரையிலிருந்து மூன்று விரல்கடை விட்டு அறுத்துத் தண்ணீர் விடு. மூன்று நான்கு வாரத்தில் புது இலை தளதளவென்று வரும்.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூத்தால்தான் தெரியும். முதல் வருடம் ஒரே ஒருமுறை ஆறிலும் ஒரு தண்டைப் பூக்க விட்டுப் பார். மஞ்சள் தூள் உதிர்வது ஆண், செக்கச்செவேலென்று மும்முனைக் காய் பிடிப்பது பெண். காய் முற்றும் முன்பே பெண்ணின் தண்டை வெட்டி, ஆண் செடிகளில் நூல் கட்டி வை. பின்னால் தூர் பிரிக்கும்போது ஆணிலிருந்தே பிரித்தால் எல்லாம் ஆணாகவே வரும், விதை சிந்திக் கண்ட இடத்தில் முளைக்கிற தொல்லை இல்லை.

பூச்சியில் முதல் எதிரி ஓடில்லா நத்தை. ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அடுத்தது உலோகப் பச்சையாக மின்னும் ஒரு சின்ன வண்டு. இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக ஒட்டும், புழு இலையைச் சல்லடையாக்கி நரம்பை மட்டும் விடும். முட்டை தெரிந்ததும் அந்த இலையைக் கிள்ளி நசுக்கு. வேலியோர டாக்கில்தான் அது பெருகும், அதை எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். கறுப்பு அசுவினி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே போகும். இலைக்குள் வெளிறிய திட்டு இருந்தால் இலைத்துளைப்பான், செந்நிறப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. இரண்டுக்கும் அந்த இலையை எடுத்துவிடு, ரொம்பவும் பரவினால் செடியையே அறுத்துவிடு. தின்கிற இலைக்கு மருந்து தெளிக்காதே. செம்பு நிறத்தில் சின்னப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டால் பாவம், அதற்கு இரண்டு இலை போகட்டும்.

சமையலில் ஒன்றை மறக்காதே. பருப்பையும் கீரையையும் சேர்த்து வேகவைத்தால் புளிப்பில் பருப்பு விறைத்துக்கொள்ளும், குழையவே குழையாது. 150 கிராம் துவரம்பருப்பை மஞ்சள் போட்டு முழுசாகக் குழைய வைத்துக்கொள். 200 கிராம் இலையில் நடுநரம்பை உருவி, நறுக்கிக் கடைசியில் போடு. மூன்று நிமிடத்தில் கரைந்துவிடும். புளி சேர்க்காதே. பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும், கெட்டுவிட்டதென்று நினைக்காதே, புளிப்பு அந்தப் பச்சையத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். இரும்புச் சட்டி, அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை மூன்றும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் எடு. மிஞ்சியதை வதக்கி ஐஸ் தட்டில் உறையவைத்தால் குளிர்காலத்துக்கு ஆகும். காயவைத்தால் மணமும் புளிப்பும் போய்விடும்.

இந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். மாப்பிள்ளைக்குக் கல் வந்த உடம்பு, அவருக்குப் போடாதே, ஒரு கரண்டி கூட வேண்டாம். நீயும் வாரம் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்து, கூடவே தயிர் வைத்துக்கொள். தயிரின் கால்சியம் அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். பிரான்ஸில் ரோவான் ஊரின் த்ருவாக்ரோ சகோதரர்கள் 1960-களில் சால்மன் மீனோடு இந்தக் கீரையைக் க்ரீமில் கலந்து பரிமாறிப் பேர் வாங்கினார்கள். பாலாடை புளிப்பை மட்டுப்படுத்தும் என்பது அவர்கள் கைக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்று நான்கு வருடத்தில் நடுத்தூர் கட்டையாகி இலை சிறுக்கும். அக்டோபரிலோ மார்ச்சிலோ மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் தூரைத் தூக்கி, கூர்கத்தியால் பிள. துண்டுக்கு இரண்டு மூன்று மொட்டும் நல்ல வேரும் இருக்க வேண்டும். நடுக்கட்டையைத் தூக்கி எறி. கழுத்து மண் மட்டத்தில் நிற்கும்படி நட்டு, இரண்டு மாதம் பறிக்காதே. வாடகை வீடு மாறும்போதும் இதே வேலைதான். மற்ற தொட்டிகளை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, நூல் கட்டிய செடியிலிருந்து ஒரு துண்டை ஈரச் சாக்கில் சுற்றிக் கையோடு எடுத்துப் போ. ஒரு வாரம் தாங்கும்.

அம்மா ஊறுகாய் அனுப்புகிறாள். பார்சல் வந்ததும் ஒரு வரி எழுது.

அப்பா