சுங்கமும் தணிக்கையும் ஒரே கையில்: ஆப் ஸ்டோர் விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் கூகுள் பிளே ஸ்டோரிலும் விதிகளை எழுதுகிற, செயலிகளை ஆய்வுசெய்கிற குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் இரண்டு கடைகளையும் நம்பித் தொழில் செய்யும் சிறு செயலி உருவாக்குநர்களில் நானும் ஒருவன். கமிஷனைக் குறையுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அதை என்னைவிடப் பெரிய நிறுவனங்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. என் கோரிக்கை வேறு. பணம் வசூலிக்கும் அதிகாரமும், எது மக்கள் கண்ணில் படலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் உங்களிடம் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வையுங்கள்.

முதலில் பணம். 2008இல் ஆப் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து 30 சதவீதம் என்பது ஏறக்குறைய இயற்கை விதிபோல ஆகிவிட்டது. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு 2021 முதல் 15 சதவீதம் என்றீர்கள், அதற்கு நன்றி. இந்தக் கமிஷன் எதற்கு என்று கேட்டால், ஆய்வுக்கு, பாதுகாப்புக்கு, நம்பகமான கடையைப் பராமரிப்பதற்கு என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். டாக்சி அழைக்கும் செயலியும் இதே ஆய்வைக் கடந்து, இதே சர்வரிலிருந்துதான் இறங்குகிறது. அதன் வருமானத்தில் உங்களுக்குப் பங்கில்லை. செயலிக்கு வெளியே நுகரப்படும் பொருளுக்கும் சேவைக்கும் உங்கள் கட்டண முறையைப் பயன்படுத்தவே கூடாது என்பது ஆப்பிளின் விதி. முழுக்க விளம்பரத்தில் ஓடும் செயலியும் தன் விளம்பர வருமானத்தில் கமிஷன் தர வேண்டியதில்லை; ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர் என்ற பதிவுக் கட்டணத்தோடு கணக்கு முடிகிறது. வாசகரிடம் நேரடியாகச் சந்தா வாங்கிக் கட்டுரை வெளியிடுபவரிடம்தான் பங்கு கேட்கிறீர்கள். ஆய்வின் விலை என்றால் எல்லோருக்கும் ஆய்வு நடக்கும்போது சிலரிடம் மட்டும் ஏன் வாங்குகிறீர்கள்?

இது வெறும் கணக்குத் தகராறு என்றால் விட்டுவிடலாம். ஆனால் எந்தப் பக்கம் வரி இல்லையோ அந்தப் பக்கம்தான் ஆட்கள் நகர்வார்கள். சந்தாவில் பிழைக்க நினைக்கும் செயலிக்கு 15 அல்லது 30 சதவீதம் போகிறது. விளம்பரத்தில் பிழைப்பதற்கு உங்கள் வாசலில் ஒன்றும் போவதில்லை. விளம்பரத்தில் பிழைக்க, பயனர் திரையை விட்டு அகலாமல் இருக்க வேண்டும். கோபமும் வம்பும் அவரை அங்கே பிடித்துவைக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். விளம்பர இணையம் நீங்கள் உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கு முந்தியது. ஆனால் உங்கள் கட்டண விதி அதன் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பிறகு அங்கே குவியும் குப்பையை அள்ளும்படி உங்கள் உள்ளடக்க விதி எங்களிடம் சொல்கிறது.

அள்ளுவதற்கான செலவும் எங்களுடையதுதான். பயனர்கள் எழுதிப் பதிவிடும் எந்தச் செயலியிலும் ஆட்சேபத்துக்குரியதை வடிகட்டும் ஏற்பாடு, புகார் செய்யும் வசதி, புகாருக்கு உடனுக்குடன் நடவடிக்கை, தொல்லை தருபவரைத் தடுக்கும் வழி, தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும் என்கிறது ஆப்பிளின் 1.2ஆம் விதி. கூகுளிடமும் ஏறத்தாழ இதே நிபந்தனைகள் உண்டு. நியாயமான நிபந்தனைகள்தான், நான் மறுக்கவில்லை. பாதுகாப்பின் பெயரில் கமிஷன் வாங்கும் நீங்கள், பாதுகாப்பு வேலையின் பெரும்பகுதியை எங்கள் சம்பளப் பட்டியலில் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி, எது எல்லை மீறியது என்று யார் முடிவுசெய்வது? ஆப்பிளின் விதிப் புத்தகம் இதற்குத் தரும் பதில் புகழ்பெற்றது: எல்லை எது என்று கேட்கிறீர்களா, பார்த்தால் எங்களுக்குத் தெரியும், மீறினால் உங்களுக்கும் தெரியும். ஒரு நீதிபதியின் பழைய வாசகத்தைத் துணைக்கு அழைத்து எழுதிய வரி அது. 2010இல் வெளியான பதிப்பில், பத்திரிகைகளிடம் போய் எங்களைத் திட்டினால் ஒரு பயனும் இராது என்ற அறிவுரையும் இருந்தது. அந்த அறிவுரை உண்மையா என்பதற்கு அதே ஆண்டே ஒரு சான்று கிடைத்தது. மார்க் ஃபியோரே என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரரின் செயலியை, பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பரிகசிக்கிறது என்று 2009 டிசம்பரில் ஆப்பிள் நிராகரித்தது. கேலிச்சித்திரக்காரர் வேறு என்ன செய்வார்! 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நிராகரிப்புச் செய்தி பத்திரிகைகளில் வந்ததும், மறுபடி விண்ணப்பியுங்கள் என்று அழைப்பு போனது. விதியில் ஒரு எழுத்தும் மாறாமலே முடிவு மாறியது. பரிசும் தலைப்புச் செய்தியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் அந்த முதல் கடிதத்தோடு ஓய்ந்துபோனார்கள் என்பது உங்கள் கோப்புகளுக்கு மட்டுமே தெரியும்.

டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளத்தின் விவகாரம் இன்னும் சிக்கலானது. 2018 நவம்பரில், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படங்கள் அங்கே கண்டெடுக்கப்பட்டதால் ஆப் ஸ்டோரிலிருந்து அந்தச் செயலி நீக்கப்பட்டது. நீக்கியது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அடுத்த மாதமே டம்ப்ளர் சட்டத்துக்கு உட்பட்ட வயதுவந்தோர் உள்ளடக்கத்தின் பெரும்பகுதியைத் தடைசெய்தது. அந்த முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் டம்ப்ளரைப் பின்னர் வாங்கிய நிறுவனத்தின் தலைவர் 2022இல், பழைய தாராள விதிகளோடு இனி எந்தப் பெரிய சேவையும் இயங்க முடியாது என்று எழுதியபோது, தடையாக அவர் சுட்டியவற்றில் கிரெடிட் கார்டு நிறுவனங்களும் ஆப் ஸ்டோர்களும் முன்னால் நின்றன. எந்த நாட்டின் நாடாளுமன்றமும் இயற்றாத சட்டம் ஒன்று இப்படி உலகம் முழுவதும் நடப்புக்கு வந்தது.

அது எவ்வளவு தற்செயலாக நடப்புக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். 2021 ஜனவரியில் எலிமெண்ட் என்ற உரையாடல் செயலியை கூகுள் நீக்கியது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த வலைப்பின்னலில் யாரோ எங்கோ பதிவிட்ட மோசமான உள்ளடக்கம்தான் காரணம். அந்த வலைப்பின்னலுக்குள் நுழையும் பல வாசல்களில் எலிமெண்ட் ஒன்று. மின்னஞ்சல் செயலியைப் போன்ற ஒன்று. எவரோ அனுப்பிய மின்னஞ்சலுக்காக ஜிமெயிலை நீக்குவீர்களா? ஒரு நாள் போல ஆனபின் எலிமெண்ட் திரும்பிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், டிஸ்கார்ட் என்ற உரையாடல் சேவையில் வயதுவந்தோருக்கான குழுக்கள் ஐபோனில் மட்டும் மறைக்கப்பட்டன. ஆப் ஸ்டோருக்குத் திரும்பிய பார்லர் என்ற சமூக ஊடகச் செயலியில், வெறுப்புப் பேச்சு என்று முத்திரை விழுந்த பதிவுகள் ஐபோனில் மறைந்தன, மற்ற இடங்களில் தெரிந்தன. ஒரே சேவை, ஒரே பயனர், கையில் இருக்கும் கருவியைப் பொறுத்து வேறு வேறு பேச்சுரிமை. இத்தனைக்கும் நீங்களே முன்கூட்டி நிறுவித் தரும் பிரவுசரில் எல்லாமே திறக்கும்.

அரசுகளுக்கும் இந்த ஒற்றை வாசல் வசதியாக இருக்கிறது. ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் நடமாட்டத்தைக் காட்டிய வரைபடச் செயலி 2019 அக்டோபரில் ஆப் ஸ்டோரிலிருந்து போனது. ரஷ்யத் தேர்தல் நாட்களில், 2021 செப்டம்பரில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியினரின் ஸ்மார்ட் வோட்டிங் செயலி உங்கள் இருவர் கடையிலிருந்தும் போனது. உங்கள் ஊழியர்கள்மீது நெருக்கடி இருந்ததை மறக்கவில்லை. ஆனால் வேறு வாசல் இருந்திருந்தால் அந்த நெருக்கடி முழுவதும் உங்கள் தலையில் விழுந்திருக்காது.

கட்டணமும் தணிக்கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில், இணைய நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனையில் 30 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்று ஒரு வரி காட்ட ஃபேஸ்புக் முயன்றது. பயனருக்குத் தேவையற்ற தகவல் என்று ஆப்பிள் அதை மறுத்தது. பணத்தைப் பற்றிய ஓர் உண்மை இங்கே உள்ளடக்க விதியால் வெட்டப்பட்டது. அதே மாதம், வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் செயலியின் அப்டேட்டுகள், உள்ளேயே பணம் வாங்கும் வசதியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. 2024 ஆகஸ்டில் பேட்ரியான், தன் ஐபோன் செயலியில் ஆப்பிளின் கட்டண முறைக்கு மாற வேண்டியிருக்கிறது, மறுத்தால் செயலியே நீக்கப்படலாம் என்று தன் படைப்பாளிகளுக்குத் தெரிவித்தது. ஓவியரும் பாடகரும் தம் ரசிகரிடம் வாங்கும் மாதச் சந்தா அது.

சட்டம் குறுக்கிட்டால்? மாற்றுக் கட்டண வழியைத் திறக்கச் சொன்னது தென் கொரியா. 26 சதவீதம் கேட்டீர்கள். டேட்டிங் செயலிகளுக்குத் திறக்கச் சொன்னது நெதர்லாந்து. ஆப்பிள் 27 சதவீதம் கேட்டது. கேம் நிறுவனமான எபிக் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் வெளி இணைப்புகளை அனுமதிக்கச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம், அங்கும் 27. வெளியே பணம் வாங்கும் செலவைச் சேர்த்தால் எங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது என்று 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் தீர்ப்பளித்தார்.

நான் கேட்பவை புதியவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, நீக்கம் எதுவானாலும் எந்த விதி, எந்த உண்மை என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். முறையீட்டை விசாரிக்க வேண்டும். உங்களுக்கு வெளியே உள்ள தகராறு தீர்ப்பு அமைப்பிடமும் போகலாம். 2020 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் மற்றொரு ஒழுங்குமுறையின்படி, ஒருவருடைய கணக்கை முழுவதுமாக மூடுவதற்குப் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆக, இதற்கான படிவங்களும் ஆட்களும் உங்களிடம் இருக்கிறார்கள். அவற்றை உலகில் எல்லா உருவாக்குநர்களுக்கும் திறந்துவிடுங்கள். எங்கள் செயலியில் எழுதப்படும் மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது அந்த முறையீட்டைப் பார்க்கட்டும். கட்டணத் தகராறு இருக்கும் காலத்தில் பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்தாதீர்கள். எவ்வளவு கமிஷன் போகிறது என்று பயனரிடம் சொல்வதைக் குற்றமாக்காதீர்கள். கமிஷன் வசூலைக் கவனிப்பவர்களும் உள்ளடக்கத்தை ஆய்வுசெய்பவர்களும் ஒரே அதிகாரிக்குக் கீழ் இருக்கிறார்களா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இவற்றில் எதற்கும் பதில் எழுத நேரமில்லை என்றால், ஒன்றுக்கு மட்டும் எழுதுங்கள்: ஐரோப்பாவில் உள்ள உருவாக்குநருக்கு இன்று தரும் காரணக் கடிதத்தை மற்றவர்களுக்கும் தருவதற்கு, ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கப் போகிறீர்களா?

இப்படிக்கு,
சிறு செயலிகளை உருவாக்கும் ஒருவன்