பழைய கணினியை ஒதுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14இல் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை. வாகரையிலிருந்து பொத்துவில் வரை இப்படிப்பட்ட பெட்டிகளைக் களஞ்சிய அறைக்கு அனுப்ப எண்ணும் பாடசாலைகளும் நூலகங்களும் அதில் ஒன்றையாவது எடுத்துவைக்க வேண்டும். டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் அது எல்லோருக்கும் கோப்புகளை வழங்கும் நல்ல சேர்வராகும். 40 எம்பி பாடக் காணொளியை 40 பிள்ளைகள் தங்கள் டேட்டாவில் இறக்கினால் 1.6 ஜிபி போகும். அதையே ஒருமுறை இறக்கிச் சேர்வரில் வைத்தால், பாடசாலை வைஃபையில் எல்லோரும் டேட்டா இல்லாமலே எடுக்கலாம். கடந்தகால வினாத்தாள்களும் அப்படியே. கிவிக்ஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தால் தமிழ் விக்கிப்பீடியாவையும் இணையமின்றிப் படிக்கலாம்.

2 ஜிபி ரம் போதும். 64 பிட் புரொசசர் மட்டும் கட்டாயம், ஏனென்றால் 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவி இல்லை. டெபியனை நிறுவும் 'நெட்இன்ஸ்ட்' கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. அதைப் பென் ட்ரைவில் வெறுமனே கொப்பி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். மிச்ச மென்பொருள் பொதிகள் நிறுவும்போது இணையத்திலிருந்து வரும் என்பதால் ரவுட்டருக்குக் கேபிள் கொடுப்பது நல்லது. நிறுவலில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டால், முதலில் உருவாக்கும் பயனருக்கே நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் 'சூடோ' உரிமை கிடைக்கும். அதுவே வசதி.

அதிகம் பேர் தவறுவது மென்பொருள் தெரிவுத் திரையில். அங்கே க்னோம் என்ற வரைகலைத் திரைச்சூழல் ஏற்கனவே தெரிவாகியிருக்கும். அதை நீக்க ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். என்டரை அழுத்தினால் தெரிவு மாறாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். க்னோம் உள்ளே போனால் ரம்மைத் தின்பது ஒருபுறமிருக்க, யாரும் தொடாத கணினி சிறிது நேரத்தில் உறங்கியும் விடும். காலையில் வேலை செய்த சேர்வர் பத்து மணிக்குக் காணாமற்போக இது ஒரு காரணம். வேறு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சேர்வரும் அடிப்படைக் கருவிகளும் மட்டும் தெரிவில் இருந்தால் போதும். பிறகு திரையும் கீபோர்ட்டும் தேவையில்லை.

சேர்வரின் ஐபி முகவரியை ரவுட்டரிலேயே நிலைப்படுத்திவிடுங்கள். ஆனால் ரவுட்டரை மாற்றினால் 192.168.1 என்று தொடங்கியது 192.168.8 ஆகலாம். அப்போது சேர்வர் பழுது என்று நினைத்துத் திரும்பவும் நிறுவ வேண்டாம். வெளித் தொடர்புகளைத் தடுக்கும் தீயரணைத் தொடக்குமுன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுங்கள். வரிசை மாறினால் வெளியே நின்று கதவைப் பூட்டிய கதைதான், திரும்பத் திரையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்க 'அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்' பொதியைப் போட்டால் அந்தக் கவலை இல்லை.

இந்த நிறுவல் ஒரு பிற்பகல் வேலை. சேர்வரைக் கொல்வது பெரும்பாலும் மின்சாரம், அதாவது செலவும் மின்வெட்டும். 40 வற் எடுக்கும் டெஸ்க்டொப் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் ஏறக்குறைய 29 அலகு ஆகும். பழைய லப்டொப் 15 வற்றில் ஓடினால் 11 அலகுதான், பற்றரியும் கூடவே இருக்கிறது. மூடியை மூடினால் உறங்காதிருக்க 'லொகின்டி' என்ற டெபியன் சேவையின் அமைப்பில் மூடி ஆளியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். பற்றரி ஊதியிருந்தால் கழற்றிவிட வேண்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் தேவை. ஆனால் யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை இணைத்து கணினியை ஒழுங்காக நிறுத்தும் 'நட்' மென்பொருளை அமைக்காவிட்டால், பற்றரி முடிந்ததும் கணினி பொத்தென்று நிற்கும். சில நிமிடம் பிந்தியதைத் தவிர பயனில்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்ப பயோஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) அதற்கான தெரிவை இயக்குங்கள்.

பழைய தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரி இறந்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போகும். இணையம் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் கோப்புகளின் திகதி பிழைக்கும், கடிகாரம் திருந்தும் வரை பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையும் பொதிப் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும். பெரிய கோளாறு போலத் தெரிவதற்குக் காரணம் ஒரு சில்லறைப் பற்றரி!

கச்சான் அடிக்கும் மாதங்களில் விசிறியில் புழுதி அடையும். கடலோரத்தில் உப்புக்காற்று ரம் முனைகளைக் கறுப்பாக்கும். வெள்ளை அழிறப்பரால் தேய்த்தால் பல கணினிகள் உயிர்பெறும். மாரிக்கு முன் பெட்டியை நிலத்திலிருந்து தூக்கி வையுங்கள்.

நகல் கட்டாயம். 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு இரவுதோறும் வெளி டிஸ்க்குக்கு எடுக்கலாம். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதால் இரண்டு டிஸ்க் வைத்து வாரம் மாற்றி ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். அவற்றை, தொடக்கத்தில் இணைக்கும் டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் யூயூஐடியால் (தனி அடையாள இலக்கத்தால்) குறித்து, டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடங்கச் சொல்லும் 'நோஃபெயில்' என்றும் எழுத வேண்டும். அது இல்லாமல் டிஸ்க் கழற்றிய நாளில் சேர்வரைத் தொடக்கினால் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நின்றுவிடும்.

வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும். அதற்காக ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் இணையம் முழுதும் இடைவிடாது சுற்றுகின்றன. 4ஜி ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைக்காததால் திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. உள்ளேயே இருக்கட்டும்.

அமைத்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் சேர்வரைத் திறக்க ஒருவருக்கும் தெரியாமற்போவதும் உண்டு. சேர்வரின் முகவரி, கடவுச்சொல், ரவுட்டர் கடவுச்சொல், நகல் டிஸ்க் இருக்குமிடம் நான்கையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி அதிபரின் அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் மாறும் நாளில் உறையும் மாற வேண்டும்.

கணினி திருத்துநர் ஒருவர்,
கல்முனை.