பேரனுக்கு ஒரு ராணுவக் கத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் இளைஞர் பக்கத்தில் ராணுவ வீரர்களின் கத்தியைப் பற்றி வந்த கட்டுரையை இங்கே டர்பனில் கைபேசியில் படித்தேன். என் பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வரும் ஜனவரியில் ராணுவப் பயிற்சிக்குப் போகிறான். அதனால் அவனை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நரம்பும், மூடியில் திசைகாட்டி, இத்தனையும் இருப்பதே நல்ல கத்தி என்கிறது கட்டுரை. "தாத்தா, இதையே வாங்கிடலாமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

நான் சர்க்கரை ஆலைப் பட்டறையில் 31 ஆண்டு லேத் ஓட்டியவன். 1988இல் இதே மாதிரி ஒரு கத்தி வாங்கினேன். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கூடாரம் போட்டிருந்த ராத்திரி, ஈர விறகைப் பிளப்பதற்காகக் கத்தியை அதன் தலையில் வைத்து முதுகில் கட்டையால் தட்டினேன். நாலாவது அடியில் அலகு பிடியை விட்டுத் தெறித்து, என் தம்பியின் முழங்காலை உரசிக்கொண்டு போய் விழுந்தது. பிடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு திருகாணி முறிந்து கிடக்கிறது. பொருள் வைக்க இடம் விட வேண்டும் என்று, பிடிக்குள் போக வேண்டிய எஃகு வாலை அவ்வளவுக்குக் குறுக்கியிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

என் அப்பா டோங்காட் பக்கம் கரும்பு வெட்டியவர். அவருடைய கத்தியில் அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போகும். இரண்டு பக்கமும் மரம், மூன்று ஆணி. அவ்வளவுதான். எரித்த கரும்பின் கரியும் சாறும் வியர்வையும் சேர்ந்தால் கை வழுக்கும் என்று பழைய சைக்கிள் ட்யூபை அதன்மேல் சுற்றி வைத்திருப்பார். பிடி உருண்டையாக இருக்காது, முட்டை வடிவம். இருட்டில் தொட்டாலே கூர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வாலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது அலகோடு சேரும் மூலை செங்கோணமாக இருக்கக் கூடாது. இரும்புத் தண்டின் தடிமன் திடீரென்று குறையும் இடத்தைக் கூர்மூலையாக விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். கொஞ்சம் வளைவு கொடுத்தால் பாரம் பரவிவிடும். ஆலையில் முறிந்து வந்த எத்தனையோ தண்டுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையில் பிடி மூடியிருப்பதால் இது தெரியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பொருள் வைக்க உள்ளே குடைந்த கூடான பிடியைப் பலமாகச் செய்யவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் டர்பனிலேயே 1980களில் கிறிஸ் ரீவ் என்பவர் அலகு, பிடி இரண்டையும் ஒரே எஃகுத் தண்டிலிருந்து எடுத்துச் செய்தார். சேர்ப்பு இல்லை, கழலவும் ஒன்றுமில்லை. லேத்காரன் என்ற முறையில் அந்த வேலைக்குக் கை கூப்புகிறேன். 1989இல் அவர் அமெரிக்கா போய்விட்டார். 2002 முதல் அந்த நாட்டுச் சிறப்புப் படையினருக்குத் தரப்பட்ட கத்தியைச் செய்தது அவருடைய பட்டறைதான். அதற்குக் கூடான பிடி கிடையாது. தட்டையான முழு வால், இரண்டு பக்கமும் துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த மிக்கார்ட்டா பட்டை. கூடான பிடியை அவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவரே போர்வீரன் கையில் கொடுத்தது இதைத்தான்.

அப்புறம் அந்த ரம்பம். அமெரிக்க விமானிகளுக்குத் தந்த 5 அங்குலக் கத்தியின் முதுகில் பல் வைத்தது, விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்துக்கொண்டு வெளியே வருவதற்கு. மரத்துக்காக அல்ல. தச்சரின் ரம்பத்தில் பற்கள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாய்ந்திருப்பதால் வெட்டு அகலமாகி அலகு தாராளமாக ஓடும். தடித்த கத்தி முதுகில் பல்லை அப்படிச் சாய்க்க முடியாது. கொஞ்சம் உள்ளே போனதும் சிக்கிக்கொள்ளும். முதுகில் தட்டி விறகு பிளக்கலாம் என்றாலோ, தட்டுகிற கட்டையைப் பல் தின்றுவிடும்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரை ஊரில் கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆனால் ஆற்றங்கரைக் கல்லிலும் கூர் ஏறும். எண்ணெய் தடவச் சோம்பல்படாதவனுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். தோய்ச்சலில் வரும் கடினம், அதை அளக்கும் ராக்வெல் அளவில் 56, 57 போதும். அதைவிட நிறைய ஏற்றினால் விறகு பிளக்கும்போது விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கும் ஆபத்து கூடுகிறது. நுனியும் ஊசி மாதிரி வேண்டாம், எதையாவது நெம்பினால் முதலில் ஒடிவது அதுதான்.

பேரனின் கத்திக்கு அட்டையில் வரைந்து வெட்டி வைத்திருக்கிறேன். அலகு 6 அங்குலம், தடிமன் 5 மில்லிமீட்டர், கைக்காப்பு கீழ்ப்பக்கம் மட்டும். மேலேயும் இருந்தால் கட்டைவிரலை முதுகில் ஊன்ற இடமிருக்காது. அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிடி இன்னும் ஒரு விரல் நீளம் வேண்டும் என்றான். கையுறை போட்டுப் பிடிக்கவாம். சரி, அவன் சொல்வது நியாயம்தான்.

கட்டுரையில் உறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லாத உறையில், மழையில் நனைந்த கத்தி ஒரு வாரம் கிடந்தால் என்ன ஆகும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த இதழில் அதையும் அவரை எழுதச் சொல்லுங்கள். பேரனுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா