பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: காலாண்டும் கைக்கயிறும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டிகளில் பிள்ளைகள் கபடியிலும் ஓட்டத்திலும் பரிசு வாங்கி வந்தார்கள். கலைத்திருவிழாவுக்குப் பயிற்சி நடக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், கைக்கயிறு பற்றி.

மேல்வகுப்புப் பிள்ளைகள் பலர் மணிக்கட்டில் நிறக் கயிறு கட்டி வருகிறார்கள். சாமி கயிறு என்கிறார்கள் சிலர். இருக்கலாம், கோயிலில் கட்டிய கயிற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே நிறம் கட்டியவர்கள் மட்டும் ஒரே பெஞ்சில் உட்காருவதும், சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஒதுங்குவதும், விளையாட்டில் அதை வைத்தே ஆள் பிரிப்பதும் பக்தியால் வருவதில்லை. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாதி வெறியில் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. நிறக் கயிறும் சாதி அடையாளம் தீட்டிய சைக்கிளும் பள்ளிக்கு வேண்டாம், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்று அதில் பரிந்துரைகள் உள்ளன.

திங்கள் முதல் எல்லா வகுப்பிலும் அகரவரிசைதான். உதவித்தொகை பெறுவோர் பெயர் இனி வகுப்பில் வாசிக்கப்படாது. விவரம் உங்களிடம் நேரில் தரப்படும். வகுப்பைப் பெருக்குவது முறைவைத்து எல்லோருக்கும் வரும். கழிவறை சுத்தம் செய்ய எந்தப் பிள்ளையையும் எந்த ஆசிரியரும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கயிறு பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். மீறினால் முதலில் வகுப்பாசிரியர் பேசுவார், அடுத்து உங்களை அழைப்பேன். சாதியைச் சொல்லி ஒரு பிள்ளையை இழிவுபடுத்தினால், சின்னப் பிள்ளை விளையாட்டு என்று விடமாட்டேன். யார் வந்து பரிந்து பேசினாலும் இது மாறாது.

ஆனால் பள்ளியால் மட்டும் ஆகிற காரியமில்லை இது. பிள்ளை புது நண்பன் பெயரைச் சொன்னதும், "அவங்க என்ன ஆளுக?" என்று கேட்காதீர்கள். நண்பன் வீட்டுக்கு வந்தால் உங்கள் பிள்ளை குடிக்கிற டம்ளரிலேயே அவனுக்கும் தண்ணீர் கொடுங்கள். அவன் வீட்டில் சாப்பிட்டு வந்தால் திட்டாதீர்கள். சாதிச் சங்க பிளக்ஸில் பிள்ளையின் படத்தைப் போட விடாதீர்கள். போனில் என்ன ஸ்டேட்டஸ் வைக்கிறான் என்று ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பிள்ளைக்கு அவமானம் நேர்ந்தால் நேரே என்னிடம் வாருங்கள். தயக்கமாக இருந்தால் மாணவர் மனசு பெட்டியில் எழுதிப் போடலாம். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-இல் பேசலாம்.

சில பெற்றோர் நாங்கள் கேட்கும் முன்பே பிள்ளையிடம் பேசிக் கயிற்றைக் கழற்ற வைத்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்களிடம் அதற்கு என்ன பேச்சு வாங்கியிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்