மாமாவுக்கு, அந்த பத்தேகால் மணி சிகரெட் பத்தி

மாமா,

அத்தை இத உங்களுக்கு படிச்சு காட்டுவாங்கன்னு நம்பித்தான் எழுதறேன். நேர்ல உக்காந்தா மறுபடி கத்திடுவேன், திருப்பி கத்த உங்களுக்கு இப்ப தொண்டை இல்ல, அது நியாயமான சண்டையே கிடையாது. உங்க பேரு, ஊரு, ஆஸ்பத்திரி எதுவும் போடல, கவலப்படாதீங்க.

மொதல்ல வியாழக்கிழமை நடந்தது. பாத்ரூம் கதவ தட்டி, "இத்தன லட்சம் கொட்டிக்கிட்டு இருக்கோம், வெக்கமா இல்லையா"ன்னு கேட்டேன்ல. நீங்க வெளிய வந்து ஒரு வார்த்த பேசல, கேன்சருக்கு கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்க கழுத்துல போட்ட மார்க் அழியாம துண்டால ஒத்தி ஒத்தி துடைச்சுட்டு போய் சுவத்து பக்கம் திரும்பி படுத்துக்கிட்டீங்க. அன்னிலேர்ந்து அந்த முதுகுதான் கண்ணுல நிக்குது. மன்னிச்சுக்கங்க மாமா. கேக்கற யோக்கியத எனக்கு இல்ல, எட்டு வயசுல உங்களுக்கு சிகரெட் வாங்க ஓடினதே நான்தான, மிச்ச சில்லறைக்கு கடலமிட்டாய். பெட்டிக்கட வாசல்ல தொங்குற கயித்து நுனி கனிஞ்சுக்கிட்டே இருக்கும், அதுல பத்த வச்சு மொத இழுப்புக்கு நீங்க கண்ண மூடுவீங்க, நான் அத ஹீரோவ பாக்கற மாதிரி பாத்துட்டு நிப்பேன்.

பாக்க வர்ற ஜனம் ஹார்லிக்ஸ் பாட்டில நீட்டிட்டு "ஊதி ஊதி இழுத்து விட்டுக்கிட்டாரு"ன்னு வாசல்ல நின்னு பேசுது. நீங்க "வர்றது வந்துருச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது"ங்கறீங்க. ரெண்டு பேச்சும் ஒண்ணுதான் மாமா. சிகரெட்டோட வேலை முடிஞ்சு போச்சுன்னு ரெண்டு பேரும் நினைக்கறீங்க. முடியல, இன்னிக்கும் அது வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு, அதுவும் நாம காசு குடுத்து வைக்கிற கரண்டுக்கு எதிரா.

எப்படின்னா, கரண்டு அந்த கட்டிய ஒழுங்கா சாகடிக்கணும்னா கட்டிக்குள்ள ஆக்சிஜன் இருக்கணும். ஆக்சிஜன் இல்லாத எடத்துல கேன்சர் செல்லு பாதி அடிய தாங்கிக்கும். சிகரெட் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, அது ரத்தத்துல ஏறினதும் ஆக்சிஜன் உக்கார வேண்டிய சீட்டுல எல்லாம் துண்ட போட்டுடும், நம்ம டவுன் பஸ்ஸுல ஜன்னல் வழியா போடுவாங்களே அப்படி. சும்மா போடறது இல்ல, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். ஏறினதுல பாதி இறங்கவே நாலஞ்சு மணி நேரம் பிடிக்கும்.

இப்ப கணக்கு போடுங்க. உங்களுக்கு கரண்டு பத்தரைக்கு. நீங்க கேட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடைல பத்த வைக்கறது பத்தேகாலுக்கு. நாள் பூரா பிடிக்கறதுலயே மோசமான சிகரெட் அதுதான் மாமா.

கனடால 1993ல இதயே பாத்து எழுதியிருக்காங்க, தலை கழுத்து கேன்சருக்கு கரண்டு வச்சுக்கிட்ட 115 பேரு. வைத்தியம் நடக்கறப்பவும் பிடிச்சவங்கள்ல 100க்கு 45 பேருக்குத்தான் கட்டி முழுசா கரைஞ்சிருக்கு, பிடிக்காம இருந்தவங்கள்ல 74. ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, பிடிச்சவங்கள்ல 100க்கு 39, பிடிக்காதவங்கள்ல 66. பழைய ஆய்வு, சின்ன ஆய்வு, ஒத்துக்கறேன். ஆனா மாஸ்கோல நுரையீரல் கேன்சர் வந்த 500க்கு மேல பேர வருஷக்கணக்கா பாத்து 2021ல எழுதினதுலயும், நோய் வந்தப்புறம் விட்டவங்க விடாதவங்கள விட ஏறக்குறைய 22 மாசம் கூட வாழ்ந்திருக்காங்க. வந்தப்புறம் விட்டவங்க மாமா. உங்கள மாதிரி நாப்பது வருஷம் பிடிச்ச ஆளுங்களும் அதுல இருந்திருப்பாங்க.

ஆனா அந்த பத்தேகால் மணி சிகரெட் ஏன்னு எனக்கு வெள்ளிக்கிழமதான் புரிஞ்சுது. உங்க மூஞ்சிக்கு அச்செடுத்த அந்த வல மாஸ்க டெக்னீஷியன் எடுத்துட்டு போறத பாத்தேன். அத மூஞ்சில வச்சு டேபிளோட டக் டக்குன்னு மாட்டிடுவாங்களாம், தலைய அசைக்க முடியாது, இருமல் வந்தாலும் கையத்தான் தூக்கி காட்டணும். அந்த சிகரெட் திமிரு இல்ல, பயம். இத நீங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல. டாக்டர்கிட்ட சொன்னா உள்ள போறதுக்கு முன்னாடி பதட்டத்துக்கு ஒரு சின்ன மாத்திர குடுக்கறது உண்டு. அதுக்கு எதுக்கு ஒரு சிகரெட்ட கூட்டு சேக்கணும்.

அப்புறம் அந்த நிக்கோடின் சூயிங்கம். அது முழுக்க என் முட்டாள்தனம். மெடிக்கல்ல 2 மில்லிகிராம்னு கேட்டு வாங்கிட்டு வந்து கைல திணிச்சுட்டு போயிட்டேன், எப்படி மெல்லணும்னு கூட சொல்லல, நீங்க பபுள்கம் மாதிரி மென்னு வாயெல்லாம் எரிஞ்சு துப்பிட்டீங்க. மெதுவா ரெண்டு கடி கடிச்சு சுருக்குனு வந்ததும் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வைக்கணுமாம். அதெல்லாம் நல்ல வாய்க்கு. பதினஞ்சு கரண்டு வச்சு புண்ணாகி மோர் கஞ்சியே எரியுதுங்கற வாய்க்கு கம் எதுக்கு, கைல ஒட்டற பேட்ச் இருக்கு, அத டாக்டர்கிட்ட கேக்கணும். கண்ணு முழிச்ச அஞ்சு நிமிஷத்துல பத்த வைக்கற ஆளுக்கு எந்த அளவுன்னு அவங்கதான் சொல்லணும். பேட்சுலயும் அதே நிக்கோடின்தானன்னு கேப்பீங்க. ஆமா, ஆள அடிமையாக்கறது நிக்கோடின்தான், ஆனா புத்து வர வைக்கற சாமானெல்லாம் பெரும்பாலும் சிகரெட் எரிஞ்சு வர்ற புகைக்குள்ளதான் இருக்கு, அந்த கார்பன் மோனாக்சைடும் அதுலதான்.

சிகரெட்ட விட்டா மொத மூணு நாள் படுத்தி எடுக்கும், எரிச்சல் வரும், எங்க மேல எரிஞ்சு விழுவீங்க, விழுங்க. காலைல வயிறு இளகாது, சிகரெட்ட நம்பியே அது பழகிப்போச்சு, அதுக்கும் மருந்து இருக்கு. ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும்ங்கறாங்க. பாக்கெட்டுலயே ஒரு நம்பர் போட்டிருக்கான் பாருங்க, 1800 11 2356, காசு கிடையாது, தமிழ்லயும் பேசுவாங்க. நாப்பது வருஷமா அந்த பாக்கெட்ட பாக்கறீங்க, அந்த நம்பர மட்டும் பாத்திருக்க மாட்டீங்க.

இன்னொண்ணு, இதான் எனக்கு உறுத்துறது. டாக்டர் கேட்டப்ப "விட்டாச்சு சார்"னீங்க, பக்கத்துல நின்னு நானும் மண்டைய ஆட்டினேன். அவர் பாவம் அத நம்பி ஃபைல்ல எழுதிக்கிட்டாரு. நாம சேந்து சொன்ன பொய்யி, சேந்தே போய் மாத்தி சொல்லுவோம். திட்டினா என்னைய திட்டட்டும்.

திங்கக்கிழமை பதினாறாவது கரண்டு. நான் பத்து மணிக்கே வந்துடறேன், டீக்கடை பக்கம் போக வேணாம், உள்ள வேப்பமரத்தடி பெஞ்சுல உக்காருவோம். நீங்க பேச வேணாம், கம்மாக்கர நிலத்துக்கு வேலி போட்ட கதைய நான் சொல்றேன், அது பத்தரை வரைக்கும் ஓடும். அப்பவும் முடியலன்னு நீங்க பத்த வச்சா, சத்தியமா கத்த மாட்டேன்.

அத்தை, இவ்வளவு தூரம் படிச்சுட்டீங்கன்னா கொஞ்சம் நிறுத்தி அவரு மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்து எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.