காணாமல் போன 19 குதிரைத்திறன்

கூடலூர், தேனி மாவட்டம்

அன்புள்ள பாண்டிக்கு,

இங்கு எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? பொங்கலுக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை. அந்தச் சண்டையை நேரில் வந்து போடு. இப்போது அவசரம் வேறு. வண்டி வேலைக்கென்று செல்வத்துக்குப் பணம் அனுப்பிவிட்டாயா? இல்லையென்றால் அனுப்பாதே, முதலில் இதைப் படி.

உன் அக்கா மகன் செல்வம் அந்தப் பழைய மகிந்திரா தார் டீசல் ஜீப்பை (சிஆர்டிஇ இன்ஜின்) கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் டைனோவில் ஏற்றியிருக்கிறான். உருளைமேல் சக்கரத்தை ஓடவிட்டுச் சக்தியை அளக்கிற மெஷின் அது. கம்பெனி சொல்வது 105 எச்பி, அதாவது குதிரைத்திறன். மெஷின் கொடுத்த சீட்டில் வந்தது 86. உடனே அங்கே இருந்தவர்கள், இன்ஜின் போய்விட்டது, டர்போ மாற்றணும், இன்ஜெக்டர் மாற்றணும், அப்படியே ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியை ஏற்றுவது) செய்யணும் என்று ஒன்றரை லட்சத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் முகம் செத்துப்போய் என் பட்டறைக்கு வந்தான். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நீ ஒயர்மேன் டிரேடுக்கு ஓடிப்போனவன், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கம்பெனி சொல்லும் 105, இன்ஜினைத் தனியாகப் பெஞ்சில் வைத்து கிராங்க் ஷாப்டில் அளந்தது. டைனோ அளப்பது டயர் தரையில் தள்ளுகிற சக்தியை. நடுவில் கியர்பாக்ஸ், முன் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துவிடும் டிரான்ஸ்பர் கேஸ், புரொப்பல்லர் ஷாப்ட், அதன் சுற்றை ஆக்சில் பக்கம் திருப்பிவிடும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள், ஆக்சில், அப்புறம் டயர் எல்லாம் இருக்கின்றன. பல்லும் பல்லும் உரசுவது, கியர் ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்றுவது, பேரிங், சீல், டயர் நசுங்கி நிமிர்வது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் போகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கிரவுன் பினியன் இருக்கும் பின் ஹவுசிங்கைத் தொட்டுப் பார், தெரியும்.

இதில் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு குத்துமதிப்பு இருக்கிறது. முன்சக்கர வண்டிக்கு 10 முதல் 15 சதவீதம், பின்சக்கர வண்டிக்கு 15 முதல் 20, நான்கு சக்கரமும் இழுத்தால் 20 முதல் 25. முன்சக்கர வண்டியில் குறுக்கே வைத்த இன்ஜினில் சக்தி திசை மாறாமல் சக்கரத்துக்குப் போய்விடும். ஜீப்பில் கிரவுன் பினியனில் செங்கோணமாகத் திரும்பவேண்டும், அந்தப் பல் சறுக்கிக்கொண்டே கடிக்கும், அதனால் இழப்பு கூடுதல். செல்வம் வண்டியை ஓட்டியது டூ வீல் டிரைவில். 105-இல் 19 போனால் 18 சதவீதம். பாண்டி, அந்த இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

ஆனால் இந்தச் சதவீதத்தையே வேதமாக எடுத்துக்கொள்வதும் தப்பு. உன் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள். சுமையே இல்லாவிட்டாலும் கோரில் ஒரு இழப்பு இருக்கும், சுமை ஏற ஏற காயிலில் இன்னொன்று கூடும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். ஆயிலைக் கலக்குகிற இழப்பு வேகத்தைப் பொறுத்தது, இன்ஜின் எத்தனை எச்பி என்று அது பார்ப்பதில்லை. பல் உரசுகிற இழப்புதான் சுமையோடு ஏறும். ரீமேப் செய்தபின் சக்கரத்தில் 110 வருகிறது என்று வைத்துக்கொள். 18 சதவீதம் என்று திருப்பிக் கணக்குப் போட்டால் இன்ஜின் 134. அதே 19 எச்பிதான் போகிறது என்றால் 129. ஒருவன் 25 சதவீதம் என்று பேசினால் 147! வண்டி ஒன்று, சீட்டு ஒன்று, விடை மூன்று. வாத்தியார் சொல்வாரே, ‘பேப்பரில் ஓடுகிற வண்டி’, அதுதான். சக்கரத்தில் அளந்ததைச் சக்கரத்தின் கணக்காகவே வைத்துக்கொள்ளவேண்டும். அதே வண்டி, அதே மெஷின், அதே கியர், அதே டயர் காற்று, முன்னே இவ்வளவு பின்னே இவ்வளவு என்று ஒப்பிடத்தான் அது உதவும்.

இவ்வளவு சொல்லியும் பையன் நம்பவில்லை. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே வண்டியை எடைமேடையில் ஏற்றினோம். 1,900 கிலோ. விடியற்காலையில், உத்தமபாளையம் தாண்டி நேராகக் கிடக்கிற இடத்தில், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போக 4.2 விநாடி. அப்புறம் நியூட்ரலில் விட்டு 80-இலிருந்து 60-க்கு இறங்க 16 விநாடி. காற்றும் மேடுபள்ளமும் ஏமாற்றாமல் இருக்கப் போகும்போதும் வரும்போதும் எடுத்த சராசரி இது. அந்த இரண்டு வேகத்துக்கும் நடுவே வண்டி சேர்க்கிற ஆற்றல் ஏறக்குறைய 2,05,000 ஜூல். அதை 4.2-ஆல் வகுத்தால் வேகத்தைக் கூட்டப் போனது 48.8 கிலோவாட், 16-ஆல் வகுத்தால் காற்றும் டயரும் தின்பது 12.8. இரண்டும் சேர்ந்து 61.6 கிலோவாட், சுமார் 83 எச்பி. இது அந்த இடைவெளியின் சராசரி, உச்சம் இதைவிட மேலேதான் இருக்கும். டைனோ சீட்டு சொன்னது சரி. அதற்கு அவர்கள் சொன்ன அர்த்தம்தான் தப்பு.

வேகத்தை போனில் ஜிபிஎஸ் வைத்துத்தான் பார்த்தோம், ஏனென்றால் ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டியது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கம்பெனி டயர் ஏறக்குறைய 29 அங்குல உயரம். இவன் போட்டிருப்பது 31 அங்குல மட் டயர். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது வண்டி திணறுகிறது என்பதுதானே இவனுடைய மூலப் புகார்? டயர் உயரம் 7 சதவீதம் கூடினால் அதே கியரில் தள்ளுவிசை கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். டயர் கனம் வேறு. எச்பி எங்கும் போகவில்லை, கியர் கணக்குதான் மாறிவிட்டது. இதற்குப்போய் ரீமேப் போட்டு முறுக்குவிசையை ஏற்றினால் முதலில் கிளச் கதறும், அடுத்தது கிரவுன் பினியன். மலைப்பாதையில் அது போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

நான் சொன்னால் ‘மாமா பழைய ஆள்’ என்கிறான். தாய்மாமன் நீ சொன்னால் கேட்பான். பழைய டயர் நாலும் அவன் வீட்டு மாடியில்தான் கிடக்கின்றன. அதை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரச் சொல், நானும் கூட உட்கார்ந்து குமுளிவரை ஏறிப் பார்க்கிறேன். கியர் ஆயிலும் கருத்துப்போயிருக்கிறது, அன்றைக்கே மாற்றிவிடலாம். இன்று ராத்திரியே போன் பண்ணிவிடு.

அன்புடன்,
ராசு