முதலில் இரவு

அன்புள்ள கயல்,

இரவு ஒன்றரை மணி வரை ரீல்ஸ், பகலெல்லாம் எரிச்சல், இன்ஸ்டாவையே அழித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. அழித்தவர்கள் பலர் அதே வாரம் குரோம் வழியாக உள்ளே போய்விடுகிறார்கள். பகலில் எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்பதையும் இப்போதைக்கு விடு. தூக்கம் தேறாமல் மனசு தேறாது.

ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று நீ போட்ட ஆப் டைமர் ஏன் பயன்படவில்லை தெரியுமா? அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது. பதினொன்றே முக்காலுக்குப் பூட்டிய ஆப், கால் மணி நேரத்தில் தானே திறந்துகொள்ளும். உன் சாம்சங் போனில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்' போய், ஸ்லீப் மோடை 10.30 முதல் 6.30 வரை வை. அதிலேயே திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் கிரேஸ்கேல், அழைப்பு சத்தங்களை அடக்கும் டூ நாட் டிஸ்டர்ப் இரண்டையும் போடு. எங்கள் அழைப்பு மட்டும் வரும்படி விலக்கு கொடு. பத்து ரீல்ஸில் ஒன்றுதான் நன்றாக இருக்கும், எது என்று தெரியாது. சீட்டாட்டம் மாதிரி அதுதான் விரலை நிற்க விடாது. நிறம் போனால் அந்த ருசி கொஞ்சம் குறையும்.

ஆனால் இதையும் ஒரு விரலால் அணைத்துவிடலாம். அதனால் சார்ஜரைக் கட்டிலருகே வைக்காதே; எழுந்து நடந்தால்தான் எட்டும் பிளக்கில் மாட்டு. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கு. அலாரம் என்ற சாக்கில்தான் போன் தலையணைக்கு வந்து சேர்கிறது. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காதே. எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படி, கண் சொருகும்போது போய்ப் படு. எப்போது தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரே நேரத்துக்கு எழு. முதல் சில நாள் கை பரபரக்கும், அது எதிர்பார்த்ததுதான்.

யூடியூபில் நீ பார்த்ததையெல்லாம் குறித்து வைக்கும் வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு அணைத்தும் வை. 2023 முதல், அப்படிச் செய்தால் முகப்பில் சிபாரிசு வராது, தேடினால்தான் வீடியோ. யாருடைய படங்களைப் பார்த்தால் உனக்கு உன்மேலேயே சலிப்பு வருகிறதோ அவர்களை இன்ஸ்டாவில் மியூட் செய். அன்ஃபாலோ செய்தால் ஏன் என்று கேட்பார்கள், மியூட் செய்தது தெரியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்தே இருந்தால், சாப்பாடும் பிடிக்காமல் போனால், அது போன் விஷயம் மட்டும் இல்லை. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் பார்க்காதே, அப்போதே கூப்பிடு, எங்களையும் எழுப்பு. நீ இருக்கும் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன் பழக்கத்துக்கென்றே 'ஷட் கிளினிக்' 2014 முதல் இருக்கிறது. போவதென்றால் சொல், அப்பாவும் நானும் வருகிறோம்.

அம்மா